யாரும் கேட்காத ஊர்

கண்ணாடியக்கா பட்டணத்துக்குப் போன வேலை புதன்கிழமையே முடிந்துவிட்டது. அவள் வீடு வந்து சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. நடுவில் எங்கே இருந்தாய், என்ன செய்தாய் என்று கேட்க உரிமை உள்ள ஒரே மனிதர் அவள் புருஷன். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே சிரிப்போடு முடிந்திருக்கும்.

அப்போது அவளுக்கு நாற்பதை ஒட்டிய வயது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்னால் முதலாளி உட்கார்ந்திருப்பார். பலகைத் தடுப்புக்குப் பின்னால் சாணைக்கல்லும் தண்ணீர்த் தொட்டியுமாக இவள். வட்டமாக வரும் லென்ஸை ஃப்ரேமின் வடிவத்துக்குக் கையாலேயே தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு இழை அதிகம் தேய்ந்தால் லென்ஸ் கழன்று விழும், குறைந்தால் ஏறவே ஏறாது. விரல் நுனியெல்லாம் ஊறி, வெள்ளைத்தூள் புருவத்தில் படிந்து, சாயங்காலம் மாவு மில்லிலிருந்து வருகிறவள் மாதிரி வீட்டுக்குப் போவாள். பிறக்கும்போது வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஊருக்கு அவள் கண்ணாடியக்கா. அவள் மட்டும் கண்ணாடி போட்டதே இல்லை.

புருஷன் அதே தெருக்கோடியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். டாக்டரைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் டாக்டரிடம் சொல்லாததைக் கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். காரணம், அவர் எதையும் துருவிக் கேட்க மாட்டார். "மருந்து கேட்டு வர்றவங்களுக்கு மருந்தக் குடுக்கணும். ஏன், எதுக்குன்னு கேட்டா அப்புறம் அது ஆஸ்பத்திரி இல்ல, போலீஸ் ஸ்டேஷன்" என்பார். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அன்றைக்கு நடந்த வேடிக்கையை ஆள் பேர் தெரியாமல் நடித்துக் காட்டுவார். மாத்திரையை முழுங்கச் சொன்னால் கரைத்துக் காலில் தடவிக்கொண்டவர், ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்ட பயில்வான். இவளும் தன் பங்குக்கு, தன் கண்ணாடியைத் தன் மூக்கிலேயே வைத்துக்கொண்டு கடை முழுக்கத் தேடிய கணக்கு வாத்தியாரைச் சொல்வாள். பத்தாவது படிக்கும் பையன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா?" என்று தலையில் அடித்துக்கொள்வான்.

பக்கத்து வீட்டில் கம்பவுண்டரின் அக்கா. புருஷனை இழந்தவள், வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள். காலையில் இவள் வாசலைத் தாண்டும்போதே, "என்னடி, இன்னிக்கு நேரமாச்சு? கண்ணு ஏன் வீங்கியிருக்கு? சோறு யாரு வடிச்சா?" என்று மூன்று கேள்வி வரும். அதைத் தாண்டினால் இஸ்திரிக்காரர், அப்புறம் பால்கடைக்காரி, சைக்கிள் கடை வாசலில் பேப்பர் படிக்கிறவர். கடைக்குப் போய்ச் சேருவதற்குள் அவள் சாப்பிட்டது, தூங்கினது, பையன் வாங்கின மார்க்கு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்திருப்பாள். அது அவளுக்குத் தொந்தரவாகப் பட்டதே கிடையாது. மூச்சு விடுவது மாதிரி அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் முதலாளி ஒரு மிஷின் வாங்கினார். ஃப்ரேமை உள்ளே வைத்தால் அளவைத் தானே எடுத்து லென்ஸைத் தானே தேய்த்துக் கொடுத்துவிடும். அதை ஓட்டுவதற்குப் பட்டணத்தில் கம்பெனிக்காரர்களே சொல்லிக் கொடுப்பார்கள். முதலாளிக்கு இடுப்பு வலி, ரயிலில் உட்கார முடியாது. "நீங்களே போயிட்டு வந்துடுங்கம்மா, திங்கள், செவ்வாய், புதன். தங்கறதுக்கு லேடீஸ் ஹாஸ்டல் அவங்களே பார்த்து வெச்சிருக்காங்க" என்றார்.

அவள் தனியாக ரயில் ஏறியதே அதுதான் முதல் தடவை. கம்பவுண்டர் ஸ்டேஷனுக்கு வந்து, தலைவலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, தூக்கம் வராவிட்டால் ஒன்று என்று மாத்திரைப் பொட்டலங்களைக் கையில் திணித்தார். "இவ்வளவையும் தின்னா நான் மிஷின் கத்துக்கறது எப்போ?" என்றாள். அவர் சிரித்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டி கிளம்பும்வரை நின்றார்.

முதல் நாள் அவளுக்குப் பட்டணம் பிடிக்கவே இல்லை. வேலை கற்றுக்கொண்டது மத்தியானம் மூன்று மணியோடு முடிந்தது. ஹாஸ்டலுக்குத் திரும்பி, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே இரைச்சல் மழை மாதிரி பெய்துகொண்டிருந்தது.

மறுநாள் பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைக் கோட்டை விட்டாள். பதறி இறங்கினால் எந்தத் தெரு என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் பூட்டுக் கடைகள். பூட்டும் சாவியும் தவிர வேறெதுவுமே விற்காத ஒரு முழுத் தெரு. அதைத் தாண்டினால் பொத்தான் கடைகள், அதைத் தாண்டினால் நிலைக்கண்ணாடிகள். அந்தக் கண்ணாடிகளிலெல்லாம் அவளே வந்துகொண்டிருந்தாள். தோளில் பையும் கலைந்த தலையுமாக, யாரோ மாதிரி. எதிரே வந்தவர்கள் இடிக்காமல் ஒதுங்கிப் போனார்கள், ஆனால் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கே போறீங்க என்று கேட்கவில்லை. ரொம்ப தூரம் நடந்த பிறகுதான், தன் வாய் அன்றைக்குச் சாயங்காலம் பூராவும் ஒருத்தருக்கும் பதில் சொல்லவில்லை என்று அவளுக்கு உறைத்தது. தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. என்ன சுமை என்று தெரியவில்லை. சுமந்துகொண்டிருந்ததே அதுவரைக்கும் தெரியாது.

திரும்பும் வழியில் லோக்கல் ரயிலில் எதிர் சீட்டு அம்மாளின் கண்ணாடியில் திருகாணி கழன்று ஒரு காது தொங்கிப்போயிற்று. இவள் பையில் எப்போதும் இருக்கும் சின்ன திருப்புளியால் அதை முடுக்கி, மூக்குப் பிடிமானத்தையும் சரிசெய்து கொடுத்தாள். அந்த அம்மாள் போட்டுப் பார்த்து, "அடடா, ரொம்ப தேங்க்ஸ்" என்று சொல்லி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போயே போய்விட்டாள். உங்க பேரென்ன, எந்த ஊரு, வீட்டுக்காரர் என்ன பண்றார், எத்தனை குழந்தைங்க, ஒன்றுமே கேட்கவில்லை. சொந்த ஊராக இருந்தால் இதற்குள் அந்த அம்மாளின் மருமகள் பிரச்சினை வரைக்கும் வந்திருக்கும். கண்ணாடியக்கா வாயைப் பொத்திக்கொண்டு தனியாகச் சிரித்தாள். சிரித்ததையும் யாரும் பார்க்கவில்லை.

புதன்கிழமை பயிற்சி முடிந்தது. சாயங்கால வண்டிக்கு டிக்கெட் கையில் இருந்தது. ஏறி, பையை மேலே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டடம். ஒவ்வொரு ஜன்னலாக விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடியில் ஒருத்தி ஈரத் தலையை உதறிக்கொண்டு சும்மா நின்றாள். அவ்வளவுதான். இவள் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, "நகருங்க, நகருங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. வண்டி போனபோது பயமாகக்கூட இல்லை.

ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த பூத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். கம்பவுண்டரே எடுத்தார்.

"ஏங்க, நான்தான். இங்க டிரெய்னிங்க இன்னும் ரெண்டு மூணு நாள் நீட்டிட்டாங்க."

"அப்படியா? சரி. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"வயித்துக்குக் குடுத்த மாத்திரை இருக்கில்ல?"

"இருக்கு."

"சரி, பார்த்துப் பத்திரமா வா."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரிடம் சொன்ன முதல் பொய். இவ்வளவு சுலபமாக வந்ததே என்று அவளுக்கே ஆச்சரியம்.

அப்புறம் அவள் என்ன செய்தாள்? சொன்னால் நம்புவது கஷ்டம். ஒன்றும் செய்யவில்லை. ராத்திரிக்கு அதே ஹாஸ்டலில் கைக்காசு கொடுத்துத் தங்கினாள். ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி, அது எங்கே போய் நிற்கிறதோ அங்கே இறங்கினாள். நின்றுகொண்டே சாப்பிடும் கடையில் ஆபீஸ்காரர்களோடு தோள் இடிக்க நின்று சாப்பிட்டாள். கடற்கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் பொழுது சாயும்வரை உட்கார்ந்தாள். மத்தியான சினிமாவுக்குப் போய், எல்லாரும் சிரித்த இடத்தில் காரணமே இல்லாமல் அழுதாள், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமை, சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட பெரிய மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றுக்குள் வாடிக்கையாளர் மாதிரி நுழைந்தாள். விற்பனைப் பெண் ஓடிவந்து ஃப்ரேம் ஃப்ரேமாக மாட்டிவிட்டு, "பவர் எவ்வளவு மேடம்?" என்று கேட்டாள்.

"எனக்குப் பவரே கிடையாதும்மா" என்றாள் இவள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. இவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆயுசு முழுக்கப் பிறத்தியாருக்கு மாட்டிவிட்டவள் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்து தன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் வாங்காமல் எழுந்து வந்தாள். அதற்கும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு ராத்திரி ரயிலில் அவளுக்கு மனசு கொள்ளாத சந்தோஷம். இதையெல்லாம் அவரிடம் சொல்லவேண்டும், பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்லி, அந்த பவர் விஷயத்தை நடித்துக் காட்டவேண்டும் என்று வரிசை போட்டுக்கொண்டே வந்தாள். விடியும்போதுதான், சொந்த ஊர் ஸ்டேஷனுக்கு முந்தின பாலத்தை வண்டி தாண்டும்போது, அவளுக்கு ஒன்று பட்டது. அந்த நாட்களில் அவள் பையனை ஒரு தரம்கூட நினைக்கவில்லை. புருஷனையும். சாப்பிட்டிருப்பார்களா, பள்ளிக்கூடத்துச் சட்டை துவைத்தாயிற்றா, எதுவுமே தோன்றவில்லை. மறந்துபோனதுகூட இல்லை. அவர்கள் இல்லவே இல்லாத மாதிரி இருந்திருக்கிறாள்.

வீட்டில் நாத்தனார் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டாள். "என்னத்தடி பார்த்தே பட்டணத்துல?"

"கட்டடம், அண்ணி."

"கட்டடம் பார்க்கவா ஒரு வாரம்? இங்க இல்லாத கட்டடமா?"

கம்பவுண்டர் டம்ளரை அவள் கையில் கொடுத்தார். "முதல்ல காபி குடிக்கட்டும், அக்கா" என்றார். நல்லபடியாகத்தான் பேசினார். ஆனால் விருந்தாளிக்குக் கொடுப்பது மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தார்.

திங்கட்கிழமை கடைக்குப் போனவளிடம் முதலாளி, "காய்ச்சல் விட்டுச்சாம்மா?" என்றார். இவள் விழித்தாள். "புதன்கிழமையே முடிஞ்சுதுன்னு கம்பெனிக்காரன் போன் பண்ணினான். வியாழக்கிழமை இடுப்புக்கு ஊசி போட்டுக்க ஆஸ்பத்திரிக்குப் போனப்போ கேட்டேன். வந்துட்டா, ரயில்ல வந்த அலுப்பு, காய்ச்சலா படுத்திருக்கா, திங்கட்கிழமை வருவான்னாரு கம்பவுண்டர்."

"விட்டுடுச்சு சார்" என்றாள். அன்றைக்கு இரண்டு லென்ஸ் உடைந்தது.

ஆக, அவருக்குத் தெரியும். வியாழக்கிழமையே தெரியும். தெரிந்துகொண்டு, மூன்றாம் மனிதர் முன்னால் அவளை விட்டுக்கொடுக்காமல் தானும் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவுடன் சொல்லிவிடுவது என்று கால் பரபரக்க வந்தாள். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, முதலாளி காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேட்டாரு."

"ம். நான்தான் சொல்லி வெச்சேன்." இஸ்திரிப் பெட்டி காலரைச் சுற்றி மெதுவாகப் போயிற்று. அவள் காத்திருந்தாள். எங்கேடி இருந்தே என்று ஒரு வார்த்தை. அதட்டியாவது கேட்கட்டும். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "சாப்பிடலாமா?" என்றார்.

தானாகச் சொல்லியிருக்கலாமே என்றால், சொல்லியிருக்கலாம்தான். எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. ஆனால் என்னவென்று சொல்வது? ஊர் பிடித்துப்போயிற்று, அதனால் இறங்கிவிட்டேன் என்றால், பால்கடைக்காரிகூட நம்ப மாட்டாள். அதையும் நம்பவைத்துவிட்டால் அடுத்தது வரும்: எங்க நெனப்பே வரலியா? அதற்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. அந்தப் பதிலைச் சொல்வதைவிட அவர் என்ன நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று இருந்தது. அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் அவள் முழுசாக யோசித்துப் பார்க்கவில்லை. யோசிக்கத் துணியவில்லை.

அவர் சண்டை போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. ரொம்ப மரியாதையானவராக ஆகிவிட்டார். அவள் உள்ளே துணி மாற்றினால் கதவைத் தட்டிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகணும் என்றால், ஏன் என்று கேட்காமல் "சரி" என்றார். சாப்பாட்டு நேரத்துக் கதைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றுபோயின. பையன் ஒருநாள், "என்னப்பா, உங்க ஆஸ்பத்திரிக்கு இப்பல்லாம் யாருமே வர்றதில்லையா?" என்று கேட்டான். "வர்றாங்க, வர்றாங்க" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

சில வருஷம் கழித்து மிஷினில் புது மாடல் வந்தபோது முதலாளி மறுபடி அவளைத்தான் போகச் சொன்னார். அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். விஷயம் கம்பவுண்டர் காதுக்கு எட்டியது.

"எனக்காகப் பார்த்துப் போகாம இருக்க வேண்டாம்" என்றார் அவர், செருப்பைத் துடைத்துக்கொண்டே.

"எனக்கே வேண்டாங்க."

அவர் கொஞ்ச நேரம் துடைத்த செருப்பையே திரும்பத் துடைத்தார். தான் செய்த தப்புக்குத் தானே போட்டுக்கொண்ட தண்டனை அது என்று அவள் நினைத்தாள். அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பையன் படித்து முடித்து, ஏ.சி. மாட்டும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, வேறெங்கும் இடமில்லாத மாதிரி அந்தப் பட்டணத்துக்கே வேலைக்குப் போனான். கல்யாணமும் ஆயிற்று. "வாம்மா, வாம்மா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனான். கம்பவுண்டர் மட்டும் இரண்டு தடவை போய்விட்டு வந்தார். "பெரிய ஊருதான்" என்றார். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது, "நீ வேணா போயிட்டு வா, நான் வீட்டப் பார்த்துக்கறேன்" என்பார். அந்த 'நீ வேணா'வைக் கேட்டதும் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

டாக்டர் காலமாகி ஆஸ்பத்திரியை மூடினார்கள். கம்பவுண்டருக்கு இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்தது. பட்டணத்தில் நல்ல கண் ஆஸ்பத்திரி, அங்கேதான் ஆபரேஷன் என்று பையன் பிடிவாதமாக ஏற்பாடு செய்தான். துணைக்கு அவள் போகாமல் முடியுமா? இத்தனை வருஷம் நழுவினது போதும் என்று அவளும் கிளம்பினாள்.

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து, கட்டுப் போட்டு, மத்தியானம் வரைக்கும் அங்கேயே படுத்திருக்கச் சொன்னார்கள். பையன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். அறையில் இன்னொரு கட்டில் காலி. ஜன்னலுக்கு வெளியே பட்டணம் இரைந்துகொண்டிருந்தது. ஒரு கண்ணை மூடிய கட்டோடு, மேற்கூரையைப் பார்த்தபடி கம்பவுண்டர் கேட்டார்:

"அவரு இன்னும் இந்த ஊர்லதான் இருக்காரா?"

"யாரு?"

"இல்ல... பார்க்கணும்னா போய்ப் பார்த்துட்டு வா. எனக்கு ஒண்ணுமில்ல. பையன்கிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன்."

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கோபம்கூட வந்தது. ஆனால் அவர் குரலில் குத்தல் துளியும் இல்லை. மருந்து எழுதிக் கொடுப்பது மாதிரி அக்கறையாகச் சொன்னார். பதினைந்து வருஷமாக இதை ஒத்திகை பார்த்திருக்கிறார்.

"அப்படி யாருமில்லைங்க" என்றாள்.

"பரவாயில்ல, சொல்லு."

"யாருமே இல்லைங்க. யாருமே இல்லைங்கறதுக்காகத்தான் இருந்தேன்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். பூட்டுக் கடைத் தெரு, திருகாணி கழன்ற அம்மாள், வண்டியிலிருந்து இறங்கியது, சிமெண்ட் பெஞ்சு, சினிமா. எனக்குப் பவரே கிடையாது என்று சொன்னதையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"எங்க நெனப்பு வரலியா?"

இத்தனை வருஷம் கழித்து அந்தக் கேள்வி வந்தேவிட்டது. பொய் சொல்ல ஒரு நொடி வாய் தயாரானது. அவள் அதை முழுங்கிவிட்டாள்.

"வரலைங்க."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். ஆபரேஷன் ஆன கண் அசையக்கூடாது என்று நர்ஸ் சொன்னது நினைவு வந்து ஆட்டுவதை நிறுத்தினார்.

"நான் அவனுக்கு ஒரு மூஞ்சியே வெச்சிருந்தேன்" என்றார். "கொஞ்சம் உயரம். கண்ணாடி போட்டவன். உன் தொழில்ல பழக்கமானவன்னு வெச்சுக்கிட்டேன். நல்லவனாத்தான் வெச்சிருந்தேன். ஏன்னா நீ கெட்டவனோட பழக மாட்டே. பையனைப் பார்க்க வந்தப்பல்லாம் பஸ்ஸில உயரமா ஒருத்தன் நின்னா, இவனா இருக்குமோன்னு பார்ப்பேன். ஒரு தடவை ஒருத்தர் பின்னாலயே ரெண்டு தெரு போயிட்டேன். புது மிஷினுக்கு நீ போகலேன்னப்போகூட, அவனைப் பார்த்தா திரும்பி வர முடியாதுன்னுதான் போகலேன்னு நெனச்சேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?" என்றார் அவர். "ஆமான்னு சொல்லிட்டா நீ போயிடுவேன்னு நெனச்சேன். கேக்காம இருந்தா நீ இருப்பேன்னு தோணிச்சு."

மருந்தோடு பையன் உள்ளே வந்தான். அம்மா அழுவதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது ரொம்பச் சின்ன ஆபரேஷன்மா" என்று தோளைத் தட்டினான்.

ஊருக்குத் திரும்பிய பிறகு வீடு கொஞ்சம் மாறியது. அவர் கதவைத் தட்டாமல் வந்தார். ஒருநாள் சாப்பிடும்போது பழைய ஆஸ்பத்திரிக் கதை ஒன்றை ஆரம்பித்து, நடுவில் அந்த ஆள் அப்புறம் என்ன செய்தான் என்று மறந்துபோய் நிறுத்திவிட்டார். "நல்ல சிரிப்பான விஷயம். அப்பவே சொல்லியிருக்கணும்" என்றார். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். சில சமயம் பாதித் தூக்கத்தில் அவள் பக்கம் திரும்பி, "ஒரு ஆளுன்னா அவன்கிட்ட என்ன கொறைச்சல்னு பார்த்து நான் சரி பண்ணிக்கலாம். ஊரை என்ன பண்றது?" என்பார். வேடிக்கையாகச் சொல்கிறாரா, மனசு நொந்து சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் அவரே அவளுக்கு டிக்கெட் எடுத்தார். "பையன் வீட்டுல பையை வெச்சுட்டு நீபாட்டுக்குச் சுத்து. யாருக்கும் சொல்ல வேண்டாம். எப்பத் தோணுதோ அப்ப வா" என்றார். உண்மையாகவே சொன்னார். இந்தத் தடவை அந்த வார்த்தைகளுக்கு உள்ளே வேறெதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

போனாள். மருமகள் ஆபீசுக்குக் கிளம்பியதும் இவளும் இறங்கி ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறினாள். பொத்தான் கடைகள் இருந்தன. கூட்டம் இருந்தது. முன்னைப் போலவே யாரும் அவளைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை. ஊர் பேரில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் பொத்தான் கடை வாசலில் நிற்கும்போது அவர் அடுப்பை அணைத்தாரா என்று நினைப்பு வந்தது. கடற்கரையில் உட்கார்ந்தால், அவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து சரியாக விழுந்திருக்குமா என்று வந்தது. எதிரே ஒரு உயரமான மனிதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனார். இப்படி ஒருத்தர் பின்னாலேதானே கம்பவுண்டர் இரண்டு தெரு நடந்தார் என்று நினைத்ததும் அவளால் அங்கே உட்காரவே முடியவில்லை. பையில் இருந்த செல்போனை எடுத்துக் கூப்பிட்டாள்.

"என்ன, அதுக்குள்ள?" என்றார். "சும்மா சும்மா போன் பண்ணாதே. போ, போய்ச் சுத்து."

"சுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எங்க இருக்கே இப்போ?"

அவர் கேட்டுவிட்டார். அவ்வளவு இயல்பாக, பக்கத்துக் கடைக்குப் போனவளைக் கேட்பது மாதிரி. இஸ்திரிப் பெட்டி காலரைச் சுற்றிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம் இதைக் கேட்டிருந்தால் அவள் அத்தனையையும் கொட்டியிருப்பாள். "கடற்கரையிலங்க" என்றாள்.

மறுநாள் வண்டிக்கே திரும்பிவிட்டாள். கதவைத் திறந்த கம்பவுண்டரின் முகம் விழுந்துபோயிற்று. ஒரு வாரத்துக்குத் தனக்கு மட்டும் சமைத்துக்கொள்ளக் காய்கறி வாங்கி அடுக்கியிருந்தார். அவள் திரும்பி வராமல் இன்னும் நாலு நாள் இருக்கவேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறார் என்று அந்தக் கூடையைப் பார்த்ததும் தெரிந்தது.

"ஏன், ஊரு நல்லா இல்லையா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்குங்க" என்றாள். "எனக்குத்தான் இருக்க முடியல."

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவளே உட்கார்ந்து, போன இடம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கத்தரிக்காயை நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.